கேள்வி - பதில்: பிரஷரும் மறதியும்

அம்மாவுக்கு 71 வயது. பல வருஷமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். சில மாதங்களாக அடுப்பில் பால் வைத்ததை மறக்கிறார், கேட்டதையே திரும்பக் கேட்கிறார். மாத்திரையால்தான் இப்படி என்கிறார்கள். நிறுத்திப் பார்க்கலாமா?
- வாசகி, தக்கலை

நிறுத்தவே கூடாது. மூளையின் ஆழத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்களின் சுவர் பிரஷரால் தடிக்கிறது, உள்வழி குறுகுகிறது. பக்கவாதம் எதுவும் வெளியே தெரியாமலே அங்கங்கே மூளைத் திசு கெடுகிறது. 50 வயது தாண்டிய 9,361 பேர் சேர்ந்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. மேல் அளவை 120-க்குக் கீழே வைக்க முயன்றவர்களிடம், 140-க்குக் கீழே வைத்தவர்களைவிட, லேசான நினைவுக் குறைபாடு 19 சதவீதம் குறைந்திருந்தது. முழு மறதிநோய் குறைந்ததை மட்டும் அதில் உறுதியாக நிரூபிக்க முடியவில்லை. சர்க்கரை உள்ளவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் அந்த ஆய்வில் இல்லை. ஆகவே அம்மாவுக்கு எந்த அளவு சரி என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு வீட்டில் எடுத்த பிரஷர் கணக்கு உதவும். காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், ஒரு வாரம் பாருங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் படிய ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கட்டும். கை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் இருக்க வேண்டும்; தொங்கவிட்டால் அளவு கூடும், கையில் சுற்றும் பட்டை சிறியதாக இருந்தாலும் கூடும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். பிறகு, பலர் விட்டுவிடும் ஒன்று: எழுந்து நிற்கச் சொல்லி 1-வது, 3-வது நிமிடத்தில் அளந்து பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் விழுந்துவிடும் ஆபத்து உண்டு. மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டிவரலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கு வரும்போதும் இப்படிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பி12, தைராய்டு, சோடியம் ரத்தப் பரிசோதனைகளையும் கேளுங்கள். மறதி மெல்ல வராமல் ஓரிரு நாளில் குழப்பமாக வந்தால் காத்திருக்க வேண்டாம். நீர் பிரியும் மாத்திரையால் சோடியம் இறங்கியிருக்கலாம், சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் தளர்ந்தாலோ உடனே 108. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

பிரஷர் உள்ள அப்பாவுக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. இந்துப்புக்கு மாறினால் போதுமா?
- வாசகர், குளச்சல்

போதாது. இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு இருக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், பப்படம் எல்லாம் இதில் அடக்கம். கருவாட்டை ஊறவைத்து நீரை மாற்றினால் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. பச்சைச் சாளை மீன் கிடைக்கிற ஊரில் அதையே வாங்குங்கள். புளியும் மிளகும் தூக்கலாக இருந்தால் உப்புக் குறைவு நாக்குக்குத் தெரியாது. கடையில் விற்கும் 'லோ சோடியம்' உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. பிரஷருக்கு டெல்மிசார்டன், லோசார்டன் மாத்திரை சாப்பிடுபவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

குறுக்கெழுத்துப் போட்டால் மறதி வராதா?
- வாசகர், குலசேகரம்

போடுங்கள், ஆனால் அது மட்டும் காப்பாற்றாது. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம், மூச்சு கொஞ்சம் வாங்கும்படி நடங்கள். காது மந்தமாக இருந்தால் பரிசோதித்துக் கருவி வையுங்கள். கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்கிப்போவார், அதுவும் மறதிநோய்க்கு ஒரு காரணம்.