தொண்டைக் குழாய் அடைக்கிறது: முழுசாக மாற்ற வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்குக் குரல்வளைப் புற்றுநோய். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சளி காய்ந்து, ராத்திரியில் மூச்சு இழுக்கிறது. சளி உறிஞ்சும் சக்ஷன் மெஷின் கொடுத்தவர், 15 நாளுக்கு ஒருமுறை குழாயையே மாற்ற வேண்டும், வீட்டுக்கு வந்து நானே மாற்றித் தருகிறேன் என்கிறார். மாற்றலாமா?

பதில்: கூடவே கூடாது. இரட்டைக் குழாய் என்றால் கழுத்தில் நிற்கும் வெளிக்குழாய்க்குள் கழற்றி மாட்டும் உள்குழாய் ஒன்று இருக்கும். அடைப்பது அந்த உள்குழாய்தான். வெளிக்குழாயைக் கழற்றினால் துளை சீக்கிரம் சுருங்கும். திரும்பச் செருகும்போது சதைக்குள் போய்விட்டால் மூச்சே நிற்கும். எப்போது மாற்றுவது என்பதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், மெஷின் விற்பவர் அல்ல.

உள்குழாயை நாளுக்கு மூன்று முறையாவது கழுவுங்கள். சளி கெட்டியாக இருந்தால் நான்கு மணிக்கொருதரம். படுக்குமுன் கட்டாயம். கையை சோப்பு போட்டுக் கழுவி, முதலில் சளியை உறிஞ்சிவிடுங்கள். எட்டாம் நம்பர் குழாய்க்கு 12-ஆம் நம்பர் கதீட்டர் (சளி உறிஞ்சும் மெல்லிய குழாய்) போதும். உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது. வெளியே இழுக்கும்போது மட்டும், அதுவும் பத்துப் பதினைந்து நொடிக்குள். பிறகு ஒரு கையால் வெளிக்குழாயின் தட்டைப் பிடித்துக்கொண்டு, பூட்டைத் திருப்பி உள்குழாயை எடுங்கள். கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் இரு முனையிலிருந்தும் தேய்த்து அலசி, நன்றாக உதறி, மறுபடி பூட்டுங்கள். டெட்டால், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். வெள்ளிக் குழாயில் ஹைட்ரஜன் பெராக்சைடு படவே கூடாது, அரித்துவிடும். பிளாஸ்டிக்கைக் கொதிக்கவைத்தால் வளைந்துபோகும். கழுத்து நாடாவுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும்.

சளி இளகட்டும் என்று குழாய்க்குள் சலைன் (உப்பு நீர்) ஊற்றச் சொல்வார்கள். ஊற்றாதீர்கள், இருமலும் மூச்சுத் திணறலும்தான் மிச்சம். துளைக்கு முன்னால் ஈரத்துணியைத் தொங்கவிடுங்கள், மருத்துவர் சொன்னால் சலைனைப் புகைபோல் ஆக்கித் தரும் நெபுலைசர் வையுங்கள்.

மூச்சு இழுத்தால் முதல் வேலை உள்குழாயை உருவுவது. அப்போதும் சரியாகாவிட்டால் 108.

இதெல்லாம் இரட்டைக் குழாய்க்கு மட்டும். உள்குழாயே இல்லாத ஒற்றை பிளாஸ்டிக் குழாயும் உண்டு. உருவ எதுவும் இல்லாததைத் திருகி இழுத்தால் முழுக்குழாயும் கையோடு வந்துவிடும்! அதை உறிஞ்சித்தான் சுத்தம் செய்ய முடியும்; அடைப்பு அடிக்கடி வந்தால் உள்குழாய் உள்ளதாக மாற்றித் தரச் சொல்லி மருத்துவமனையில் கேளுங்கள். எது வைத்திருக்கிறார்கள் என்று வீட்டாருக்கு எப்படித் தெரியும்? டிஸ்சார்ஜ் சீட்டில் வகையும் அளவும் எழுத அரை நிமிடம் ஆகாது, அதையும் எழுதுவதில்லை. கேட்டு எழுதி வாங்குங்கள். அதே அளவுக் குழாய் ஒன்றும் ஓர் அளவு சிறியதாக ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். குழாய் முழுக்க அடைத்தாலோ கழன்று விழுந்தாலோ என்ன செய்வதென்று மருத்துவமனையிலேயே கற்றுக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள்.