முழுவதையும் ரஸ்டில் மாற்றி எழுதித் தருகிறோம் என்கிறார்களா?

கோவை வாசகர் ஒருவரின் கேள்வி: "மில்களுக்கு அளவீட்டுக் கருவி செய்கிறோம். மென்பொருள் 12 வருடமாக சி மொழியில் ஓடுகிறது. பாதுகாப்புக்காக ரஸ்ட் என்ற நிரல் மொழிக்கு மாறச் சொல்கிறார் வெளிநாட்டு வாடிக்கையாளர். எட்டே மாதத்தில் முழுவதையும் மாற்றித் தருவதாக ஒரு கன்சல்டன்சி சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?"

வேண்டாம். ரஸ்டுக்குப் போங்கள், அந்த ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

எந்த சென்சார் எப்போது தப்பான மதிப்பு அனுப்பும் என்பதை உங்கள் ஆட்கள் பட்டுத் தெரிந்துகொண்டு பழைய கோடில் எழுதி வைத்திருக்கிறார்கள். புதிதாக எழுதுபவருக்கு அது தெரியாது. ஆண்ட்ராய்டில் கூகுளும் பழையதைக் கலைக்கவில்லை. புதிதாக எழுதுவதைத்தான் ரஸ்ட் போன்ற மொழிகளுக்கு நகர்த்தியது. தனக்கு ஒதுக்காத நினைவகத்தைத் தொடுவது போன்றவை நினைவகப் பிழைகள், ரஸ்ட் தடுக்கப் பார்ப்பது இவற்றைத்தான். ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு ஓட்டைகளில் இவற்றின் பங்கு 2019-இல் 76 சதவீதம். 2024-இல் 24 சதவீதம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலும் 2022 டிசம்பரில், 6.1 பதிப்பில், பழைய சி கோடை வைத்துக்கொண்டேதான் ரஸ்டுக்கு இடம் கொடுத்தது.

வெளியிலிருந்து வரும் தரவைப் படிக்கும் பகுதியை முதலில் எடுங்கள். நெட்வொர்க்கில் வருவது, யூஎஸ்பியில் வருவது, அவ்வளவுதான். இரண்டு மொழியும் சேரும் இடத்தில் கவனம் வேண்டும். சி-யில் எழுத்துச்சரம் பூஜ்யத்தில் முடியும். ரஸ்ட் நீளத்தைத் தனியாகக் குறித்து வைக்கும். ரஸ்ட் ஒதுக்கிய நினைவகத்தை சி பக்கம் ஃப்ரீ செய்தால் எப்போது, எங்கே உடையும் என்று சொல்ல முடியாது. ஒதுக்கிய பக்கமே விடுவிக்க வேண்டும் என்பதை ஹெடர் கோப்பிலேயே எழுதி வையுங்கள்.

இப்போது அந்த எட்டு மாதக் கணக்குக்கு வருவோம். சி கோடை அப்படியே ரஸ்டாக மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. அதில் போட்டு எடுத்து, வரிக்கு இவ்வளவு என்று பில் போடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி வரும் கோடில் பக்கத்துக்குப் பக்கம் 'அன்சேஃப்' (unsafe) என்று இருக்கும். அந்தப் பகுதிகளில் பழைய சி-யின் ஆபத்து அப்படியே இருக்கும், ஏனென்றால் நினைவக முகவரிகளை வைத்திருக்கும் சுட்டிகள் சரியான இடத்தைக் காட்டுகின்றனவா என்று கம்பைலர் (கோடை இயந்திர மொழிக்கு மாற்றும் நிரல்) அங்கே பார்க்காது. மாதிரிக்கு ஒரு கோப்பு கேட்டு வாங்கி அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள். கொடுக்கத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விதிவிலக்கு முக்கியம். கருவிக்குள் இருக்கும் சிப் எது? ஆர்ம் கார்டெக்ஸ்-எம் என்றால் கவலை இல்லை. 8051 அல்லது 8 பிட் பிக் (PIC) என்றால் நம்பிப் பயன்படுத்தும்படியான ரஸ்ட் கம்பைலர் கிடையாது. அந்த போர்டு சி-யிலேயே இருக்கட்டும். சில மாடல்களில் பழைய சிப், சிலவற்றில் புதியது என்றால் இரண்டுக்கும் பொதுவான கோடைத் தொடாதீர்கள், புதிய மாடலுக்கே உரிய பகுதியை மட்டும் மாற்றுங்கள். பைத்தானின் கிரிப்டோகிராஃபி நூலகம் 2021 பிப்ரவரியில் ரஸ்டைச் சேர்த்தபோது, அந்தக் கம்பைலர் இல்லாத இடங்களில் பலருக்கு பில்ட், அதாவது நிரலைத் தொகுக்கும் வேலை, நின்றுபோனது. வாங்குதல் பிரிவில் யாரும் இதைக் கேட்பதில்லை. சிப்பின் பெயரைக்கூடப் பார்க்காமல் கொட்டேஷனை மேலே அனுப்பிவிடுகிறார்கள்.

வெளியாளுக்கு லட்சக்கணக்கில் ஒதுக்கும் நிர்வாகம், சொந்த இன்ஜினீயர்கள் இருவர் ரஸ்ட் கற்க மூன்று மாதம் கேட்டால் பட்ஜெட் இல்லை என்கிறது. எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வருவது இங்கேதான். கோடு கைக்கு வந்தபிறகு அதைப் பராமரிக்கப்போவது அந்த இருவர்தானே? பணத்தை அவர்களுக்குச் செலவிடுங்கள். வாடிக்கையாளருக்கு, எந்தப் பகுதி முதலில் மாறும், எது சி-யிலேயே இருக்கும், ஏன் என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.