மாட்டுச் சாணத்திலும் ஓட்டல் கழிவிலும் பயோகேஸ் எடுத்து, எஞ்சின் வைத்து மின்சாரம், வெப்பம் இரண்டையும் பெறுவது கட்டுப்படியாகுமா?

வெப்பத்துக்கு வேலை இருந்தால் கட்டுப்படியாகும். இல்லையென்றால் எஞ்சின் வாங்காதீர்கள், வாயுவை நேராக அடுப்பில் எரியுங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எத்தனை மாடு என்று நீங்கள் எழுதவில்லை. ஐம்பது உருப்படி என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு மாட்டுக்குப் பன்னிரண்டு கிலோ என்றால் நாளொன்றுக்கு 600 கிலோ சாணம். கிலோவுக்குச் சுமார் 40 லிட்டர் வீதம் 24 கன மீட்டர் வாயு கிடைக்கும். சிறிய எஞ்சின் ஒரு கன மீட்டரில் ஒன்றரை யூனிட் கொடுத்தாலே பெரிய காரியம். ஆக 36 யூனிட். அதே வாயுவை அடுப்பில் எரித்தால் ஏறத்தாழ பத்து கிலோ சமையல் எரிவாயுவின் வேலையைச் செய்யும், அதாவது 19 கிலோ வணிகச் சிலிண்டரில் பாதிக்கும் மேல். சிலிண்டரின் இன்றைய விலையையும் உங்கள் மின் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எஞ்சின் விற்பவர்கள் இந்தக் கணக்கைக் காட்டவே மாட்டார்கள்.

வாயுவில் 60 சதவீதம் மீத்தேன் இருந்தால் ஒரு கன மீட்டரில் அடங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 6 யூனிட். நல்ல எஞ்சினே அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரிலும் புகையிலும் சூடாகப் போய்விடுகிறது. அந்தச் சூட்டைப் பிடித்தால்தான் போட்ட பணம் திரும்பும்.

இதில் எனக்கு ஒரு பழைய மனக்காயமும் உண்டு. ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் எஞ்சின்களுக்குப் பொறுப்பாளனாக இருக்கிறேன். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தவன். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, மாவுப்பாலைத் தெளிய வைத்த பிறகு வெளியேறும் தண்ணீர் எப்படி நாறும் என்று சேலம், நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரைக் காற்றுப் புகாத தொட்டியில் விட்டு வாயு எடுக்கும் ஆலைகள் எங்கள் வட்டாரத்தில் பல இருக்கின்றன. (திப்பியை, அதாவது மாவுப்பால் எடுத்த பிறகு மிஞ்சும் கிழங்குச் சக்கையை, அதில் போடலாமே என்று யாராவது கேட்பார்கள். திப்பி மாட்டுத் தீவனமாக நல்ல விலைக்குப் போகிறது, அதைத் தொட்டியில் கொட்டுவது வீண்.)

எங்கள் ஆலைக்கு எஞ்சின் வைக்க வந்த நிறுவனத்தின் வரைபடத்தில் ஒரு பெரிய ரேடியேட்டர் இருந்தது. புகைக் குழாய் நேராகக் கூரைக்கு மேலே போனது. இந்தச் சூடெல்லாம் எங்கே போகும் என்று கேட்டேன். காற்றில்தான் என்றார் அவர்களுடைய பொறியாளர். சற்றுத் தள்ளி எங்கள் பாய்லர் லாரி லாரியாகச் சீமைக்கருவேல விறகைத் தின்றுகொண்டிருக்கிறது. நைலான் ஜவ்வரிசி போடுகிற ஆலையில் உருண்டைகளை நீராவியில் வேக வைத்தே ஆக வேண்டும். அதைச் சொன்னதும், “நீங்கள் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளுங்கள், வடிவமைப்பை எங்களிடம் விடுங்கள்” என்று அந்தப் பொறியாளர் எங்கள் முதலாளியின் கண்ணெதிரேயே சொன்னார். அந்தச் சொல் இன்றும் உறுத்துகிறது.

நான் வாக்குவாதத்துக்குப் போகவில்லை. மின்வெட்டுக்காக வைத்திருந்த பழைய டீசல் ஜெனரேட்டரை முழு லோடில் ஓடவிட்டு, முதலாளியை அழைத்து வந்து, புகைக் குழாயில் வெப்பமானியைச் செருகிக் காட்டினேன். முள் 400 டிகிரியைத் தாண்டி நின்றது. முதலாளி முள்ளைப் பார்த்தார், விறகு அட்டியைப் பார்த்தார், வேறு எதுவும் கேட்கவில்லை. மறுநாளே அந்த நிறுவனத்தைப் புது வரைபடம் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

இப்போது எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு 80 டிகிரிக்கு மேல் வரும் தண்ணீர், பாய்லருக்குப் போகும் தண்ணீரை முன்கூட்டியே சூடாக்குகிறது. புகை தனியாக ஒரு சிறு பாய்லர் வழியாகப் போய் நீராவி தருகிறது. விறகுச் செலவு பாதியாகக் குறைந்துவிட்டது. ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை: புகையை 180 டிகிரிக்குக் கீழே குளிரவிடக் கூடாது. இன்னும் கொஞ்சம் சூட்டை உறிஞ்சலாமே என்று ஆசைப்பட்டால், புகையிலிருக்கும் கந்தகம் அமிலமாகக் குழாயில் படிந்து அரித்துவிடும்.

கந்தகத்தை முதலிலேயே பிடிக்க வேண்டும். வாயு எஞ்சினுக்குப் போகும் வழியில் துருப்பிடித்த இரும்புச் சீவல் நிரப்பிய உருளை ஒன்று இருக்கிறது. லேத் பட்டறைச் சீவல்தான். அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடை அந்தத் துரு இழுத்துக்கொண்டு கறுத்துப்போகும். வெளியே எடுத்துத் தரையில் பரப்பினால், காற்றுப் பட்டு மீண்டும் செம்பழுப்பாகத் திரும்பும், மறுபடியும் பயன்படும். பரப்பும்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். குவியலாக விட்டால் உள்ளுக்குள் சூடேறித் தீப்பிடிக்கும். இந்த உருளை இல்லாமல் எஞ்சின் ஓட்டுபவர்களுடைய ஆயில் சீக்கிரமே கெட்டுப்போகும், பிறகு பேரிங் போகும்.

‘சோலார் இருக்கும்போது இது எதற்கு’ என்று கேட்பவர்களுக்கு: பகல் மின்சாரத்துக்குச் சோலார்தான் மலிவு, நான் மறுக்கவில்லை. உங்கள் ஓட்டல் கழிவை அது என்ன செய்யும்? இரவில் நீராவி தருமா? ‘ஜெர்மனியில் ஆயிரக்கணக்கில் ஓடுகிறதே’ என்பவர்களுக்கும் பதில் உண்டு. அங்கும் மின்சாரத்துக்கு மட்டும் விலை கொடுத்தால் வெப்பம் வீணாகும் என்று பார்த்துத்தான், 2004இல் சட்டத்தைத் திருத்தியபோது வெப்பத்தையும் பயன்படுத்துவோருக்கு யூனிட்டுக்குக் கூடுதல் தொகை என்று வைத்தார்கள். 2005இல் யூண்டே என்ற கிராமத்தில் சாணத்திலும் பயிரிலும் வாயு எடுத்து, எஞ்சின் சூட்டை வெந்நீராகக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அங்கே குளிர், வீட்டுக்கு வீடு வெப்பம் வேண்டும். தொட்டியைச் சூடாக வைக்கவும் ஒரு பங்கு செலவாகிவிடும். நம் சமவெளியில் தொட்டிக்குப் பெரும்பாலும் வெயிலே போதும். எனவே சூடு முழுவதும் மிஞ்சும், அதற்கு வேலையை நீங்கள்தான் காட்ட வேண்டும். பால்கோவா, பனீர், பால் கொதிக்கவைப்பது, கேன் கழுவ வெந்நீர், பக்கத்தில் புழுங்கலரிசி ஆலை என்று ஏதாவது இருக்கிறதா?

ஓட்டல் கழிவைப் பற்றி: ஒரு டன் கழிவு 100 கன மீட்டர் வாயுவுக்குக் குறையாமல் தரும், சாணத்தைப் போல இரண்டரை மடங்கு. அதனால்தான் ஆசை வருகிறது. ஆனால் முகூர்த்த நாள் என்று மண்டபத்திலிருந்து வந்த சோறு, சாம்பார் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டினால் தொட்டி புளித்துவிடும். வாயு வரும், மீத்தேன் குறைந்திருக்கும். சுடர் நீலமாக நிற்காமல் அணைந்து அணைந்து எரியும். அப்போது கழிவை நிறுத்திவிட்டுச் சாணம் மட்டும் கொடுங்கள். சாணத்தைக் கைவிடாமல், கழிவை வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் கூட்டுவதே சரி. எலும்பு, பிளாஸ்டிக், எலுமிச்சைத் தோல் வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கழிவுநீரில்கூட ஒரு ரூபாய் விடாமல் எடுக்கத் தெரிந்த எங்கள் தொழிலில், கிழங்கு போடுகிற விவசாயிக்கு மட்டும் கணக்கு தெளிவாக இல்லை. மாவுச்சத்தைப் ‘பாயிண்ட்’ என்று கணக்கிட்டுத்தான் விலை. அந்தப் பாயிண்டைப் பார்ப்பது வாங்குகிற ஆலை. என் அண்ணன் மரவள்ளி போடுகிறவர். ஒரே காட்டுக் கிழங்கு, ஒரே நாளில் பிடுங்கியது, இரண்டு ஆலைகளில் இரண்டு பாயிண்ட் வந்தது. லோடை இறக்கிய பிறகு அவர் யாரிடம் போய்க் கேட்பார்? சந்தையில் பொது அளவீடு வைத்து, விவசாயி கண்ணெதிரே பார்த்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும். ஆலையில் சம்பளம் வாங்கிக்கொண்டே இதை எழுதுகிறாயே என்பீர்கள். வாங்குகிறேன்தான், அதற்காக இது நியாயமாகிவிடாது.

உங்கள் பண்ணையில் தினமும் எத்தனை லிட்டர் வெந்நீர் அல்லது நீராவி செலவாகிறது, அதற்கு இப்போது என்ன எரிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஓட்டல் கழிவு தினமும் வருமா, வாரக் கடைசியில் மட்டுமா என்பதையும் சேர்த்து எழுதினால், எஞ்சின் எத்தனை கிலோவாட் போதும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.