முதலில் தாள், பிறகுதான் வண்ணம்

கேள்வி: பல ஆண்டுகளாகக் கணினியிலேயே வரைகிறேன். ஒரு சிறுவர் கதைப் புத்தகத்துக்கு மட்டும் தூரிகை பிடித்து நீர்வண்ணத்தில் வரைய ஆசை. 48 நிறப் பெட்டி வாங்கலாமா? இப்போதுள்ள ஸ்கெட்ச் புத்தகத்தில் தாள் அலையலையாகிறது. பேனாக் கோட்டின் மேல் வண்ணம் பட்டால் மை கரைகிறது.

பதில்: பெட்டி வேண்டாம். செலவில் பெரும்பகுதி தாளுக்குப் போகட்டும். ஈரம் பட்ட இடத்தில் இழைகள் விரியும், படாத இடத்தில் விரியாது. மெல்லிய தாள் அலையாவது அதனால்தான். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), 100 சதவீதம் பருத்தி என்று அட்டையில் போட்டிருப்பதை வாங்குங்கள். பருத்தித் தாளில் ஈரம் நெடுநேரம் நிற்கும், வானம் போன்ற பெரிய பரப்பும் திட்டில்லாமல் வரும். மரக்கூழ்த் தாளிலோ இரண்டாம் பூச்சு போடும்போது முதல் பூச்சு கிளம்பிவிடும். பேனா வேலை அதிகமென்றால் ஹாட் பிரஸ் எனும் வழவழப்பான தாள் நல்லது. சொரசொரப்பான தாளில் நிப் தடுக்கும், ஸ்கேனிலும் மேடுபள்ளம் நிழலாக விழும்.

பெரிய பூச்சுக்கு 300 ஜிஎஸ்எம்கூடச் சற்று வளையும். தாளைச் சில நிமிடம் நீரில் ஊறவைத்து, மரப்பலகையில் பரப்பி, நனைத்தால் ஒட்டும் காகித டேப்பால் நான்கு ஓரமும் ஒட்டிக் காயவிடுங்கள். படம் முடியும்வரை பிரிக்காதீர்கள்.

வண்ணத்துக்கு ஆறு டியூப் போதும்: மஞ்சள், சிவப்பு, நீலம் ஒவ்வொன்றிலும் வெதுவெதுப்பான சாயல் (சிவப்பு, ஆரஞ்சுப் பக்கம் சாய்வது) ஒன்று, குளிர்ந்த சாயல் (பச்சை, நீலப் பக்கம் சாய்வது) ஒன்று. பெயரை நம்பாமல், டியூப்பில் போட்டிருக்கும் நிறமி எண்ணைப் பாருங்கள். அல்ட்ராமரைன் நீலம் என்றால் பிபி 29 (PB29). ஒரே நிறமி உள்ள டியூப்கள் கலக்கும்போது எளிதில் சேறாகாது. பிஆர் 83 (PR83), அதாவது பழைய அலிசரின் கிரிம்சன், வெளிச்சத்தில் வெளுக்கும். மூலப்படத்தை மாட்டவோ விற்கவோ நினைத்தால் தவிர்த்துவிடுங்கள்.

மை கரைவது சாய மை என்பதால். நீரில் கரையாத நிறமி மை வாங்கி, படம் வரையப்போகும் அதே தாளில் கோடிட்டு, ஒருநாள் காயவிட்டு, ஈரத் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். அரக்கு கலந்த இந்தியன் இங்க்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றவே கூடாது, அடைத்துக்கொள்ளும். தொட்டு எழுதும் நிப்புக்கு மட்டுமே அது.

கேள்வி: அச்சுக்கு ஸ்கேனரும் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்கினால் லென்ஸ் வழியே படம் பிடிக்கும் சிசிடி வகையாக இருக்கட்டும். உணர்வான் கண்ணாடியை ஒட்டியே இருக்கும் மெலிதான சிஐஎஸ் ஸ்கேனரில் கண்ணாடியைத் தொடாத இடம் மங்கிவிடும். வளைந்த தாளுக்கு அது ஒத்துவராது. அச்சளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தேவை. ஒளிரும் இளஞ்சிவப்பு வண்ணங்களை வாங்காதீர்கள், நான்கு வண்ண அச்சில் அந்தப் பளிச்சு வராது. நான்கு பக்கமும் குறைந்தது 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரையுங்கள். வெட்டும்போது அதுதான் போகும்.