சுபேதார் பதில்கள்: அரசர் பெயரில் ஆணை, தளபதி கையில் படை

கேள்வி: நார்வேயில் அரசர்தான் படைகளுக்குத் தலைவர் என்று படித்தேன். அப்படியானால் அங்கே தனியாக ஒரு ராணுவத் தளபதி எதற்கு? யார் சொல்லை யார் கேட்பார்கள்?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: நார்வேயின் அரசியல் சாசனம் 1814-இல் எழுதப்பட்டது. அதன் 25-ஆவது பிரிவின்படி படைகளின் தலைமை அரசருக்குத்தான். ஆனால் முடிவெடுப்பது அமைச்சரவை. அந்த முடிவைப் படைகளைக் கொண்டு செய்து முடிப்பவர் பாதுகாப்புப் படைத் தளபதி. இது நமக்குப் புதிதில்லை. எனக்கு ஜே.சி.ஓ. (சிப்பாய்களுக்கும் மேலதிகாரிகளுக்கும் இடைப்பட்ட அதிகாரி) கமிஷன், அதாவது பதவி நியமனம், வந்தபோது அது குடியரசுத் தலைவர் பெயரில்தான் வந்தது. தினமும் காலையில் வேலை சொன்னவர் என் கமாண்டிங் ஆபீசர்.

இது எழுத்தில் உள்ள ஏற்பாடு. அதற்குச் சோதனை வந்தது 1940 ஏப்ரல் 9-ஆம் தேதி. ஜெர்மனி விடியற்காலையில் தாக்கியது. அரசர் ஏழாம் ஹாக்கோனும் அமைச்சர்களும் ஆஸ்லோவை விட்டு வடக்கே கிளம்பினார்கள். அன்றைக்கு ஆட்களைத் திரட்டும் உத்தரவு எப்படிப் போனது தெரியுமா? தபாலில்! ராணுவத்தில் தகவல்தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸ் பிரிவில் இருந்தவன் நான். எதிரி துறைமுகத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்போது அழைப்பாணையைத் தபால் பையில் போட்டார்கள் என்பதை இன்றும் பதறாமல் படிக்க முடியவில்லை.

மறுநாள் ஜெர்மன் தூதர் அரசரையே நேரில் பார்த்து, தங்கள் கையாள் குவிஸ்லிங்கைப் பிரதமராக்கச் சொன்னார். அரசர் தம் அமைச்சர்களிடம், "நீங்கள் இதை ஏற்பதாக இருந்தால் நான் முடி துறக்கிறேன்" என்ற பொருளில் சொல்லிவிட்டார். போரிடுவது என்று முடிவாயிற்று. ஆனால் தளபதி கிறிஸ்டியன் லாகேவுக்கு வயதும் ஆகியிருந்தது, வெல்வோம் என்ற நம்பிக்கையும் இல்லை. அவரை விலகச் செய்துவிட்டு, காலாட்படை இன்ஸ்பெக்டர் ஜெனரலாக இருந்த கர்னல் ஓட்டோ ரூகேயை மேஜர் ஜெனரலாக உயர்த்திப் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

ரூகேயிடம் ஆளும் குறைவு, ஆயுதமும் குறைவு. பிரிட்டன், பிரான்ஸ் உதவி வரும்வரை பள்ளத்தாக்குகளில் பின்வாங்கிக்கொண்டே எதிரியைத் தாமதப்படுத்தினார். ஜூன் 7-ஆம் தேதி அரசரும் அமைச்சரவையும் ட்ரொம்சோவிலிருந்து பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறி நாட்டை விட்டுப் போனார்கள். அப்போது ரூகேயும் போயிருக்கலாம். போகவில்லை, தன் சிப்பாய்களோடு இருந்துவிட்டார். ஜூன் 10-இல் நார்வேக்குள் சண்டை நின்றது. 'இனி உங்களை எதிர்த்துப் போரிட மாட்டேன்' என்று ஜெர்மானியர்களுக்கு வாக்குக் கொடுக்க மறுத்தார். போர் முடியும்வரை ஜெர்மனியில் போர்க்கைதியாக இருந்தார்.

அரசர் போனதும் சரி, தளபதி இருந்ததும் சரி என்பதுதான் என் எண்ணம். அரசர் பிடிபட்டிருந்தால் அவர் கையெழுத்தை எதிரி பயன்படுத்தியிருப்பான். தளபதி ஓடியிருந்தால் சிப்பாய் யாரைப் பார்த்து ஆயுதத்தைக் கீழே வைப்பான்?

கேள்வி: 1944-இல் நார்வேயின் பட்டத்து இளவரசர் ஓலாவையே தளபதியாக்கினார்களாமே. வாரிசு என்பதால்தானே?
(கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

பதில்: வாரிசு என்பதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் ஆஸ்லோவின் ராணுவக் கல்லூரியில் படித்துத் தேறியவர். 1940-இல் மக்களோடு நாட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்று கேட்டவர், அரசுதான் ஒப்பவில்லை. அந்த ஏப்ரலில் மோல்டே ஊரில் எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. மேலே ஜெர்மன் விமானங்கள். ஒரு பிர்ச் மரத்தடியில் அப்பாவும் பிள்ளையும் ராணுவ உடையில் ஒதுங்கி நிற்கிறார்கள். கிடைத்தால் பாருங்கள்.

நாட்டை விட்டு வந்து லண்டனில் இருந்த நார்வே அரசு 1944 ஜூலை 1-இல் அவரைத் தளபதியாக்கியது. அந்தச் சமயத்தில் அதற்கு ஓர் உபயோகம் இருந்தது. நாட்டுக்குள் மில்லோர்க் என்ற தலைமறைவு எதிர்ப்புப் படை வளர்ந்துகொண்டிருந்தது. போர் முடியும்போது அதில் சுமார் 40,000 பேர். அவர்களுக்கும் லண்டனுக்கும் நடுவே எல்லோரும் ஏற்கும் ஒரு பெயர் வேண்டியிருந்தது. 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தபோது நார்வேயில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் சிப்பாய்கள் இருந்தார்கள். ஒரு பையன் கோபத்தில் சுட்டிருந்தால் போதும், என்னவெல்லாமோ நடந்திருக்கும். மில்லோர்க் கட்டுப்பாட்டோடு நின்றது. மே 13-இல் ஓலாவ் ஆஸ்லோ திரும்பினார். அரசர் வந்தது ஜூன் 7-இல்தான்.

அப்புறம் ஜூலையில் ஓலாவ் பதவியை ஒப்படைத்தது யாரிடம்? சிறையிலிருந்து மீண்ட ஓட்டோ ரூகேயிடம். அதைப் படித்தபோது மனம் நிறைந்தது. ஆனால் அரசியல் தலைமையோடு ஒத்துப்போகாமல் ரூகே விரைவிலேயே விலக நேர்ந்தது. போரில் தாங்கியவருக்கு அமைதிக் காலம் இப்படி அமைந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் அரசின் பேச்சே கடைசிப் பேச்சு என்ற முறையை அங்கே யாரும் மீறவில்லை.

கேள்வி: எங்கள் மலேசியாவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாமன்னர் மாறுகிறார். ஆயுதப்படைத் தளபதியும் கூடவே மாற வேண்டுமா?
(வாசகர், பினாங்கு)

பதில்: வேண்டியதில்லை. அரசியல் சாசனத்தின் 41-ஆவது பிரிவு மாமன்னரை உச்சத் தளபதி ஆக்குகிறது. தளபதியை நியமிப்பதும் அவர் பெயரில்தான். படை நிர்வாகம் பாதுகாப்பு அமைச்சர் தலைமையில் உள்ள ஆயுதப்படை மன்றத்திடம் இருக்கிறது. அதில் மாநில மன்னர்களின் பிரதிநிதி ஒருவரும் உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் பிரிட்டிஷ் அதிகாரிகளே தளபதிகளாக இருந்தார்கள். உள்நாட்டவர் முதன்முதலில் வந்தது 1964-இல், ஜெனரல் துங்கு ஒஸ்மான்.

கேள்வி: எதிரி அரசரையே பிடித்து வைத்துக்கொண்டு, 'ஆயுதத்தைக் கீழே போடு' என்று அவர் பெயரில் உத்தரவு அனுப்பினால்?
(வாசகர், கோவில்பட்டி)

பதில்: நல்ல கேள்வி. நார்வே இதற்கு எழுத்திலேயே பதில் வைத்திருக்கிறது. 1940-இன் குழப்பத்தைப் பார்த்தவர்கள் 1949 ஜூன் 10-இல் அரச ஆணை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நாடு தாக்கப்பட்டால் ராணுவ அதிகாரி மேலிட உத்தரவுக்குக் காத்திருக்காமல் எதிர்க்க வேண்டும். எதிரி சிறைபிடித்த அரசர், அமைச்சர்கள் பெயரில் 'நிறுத்து' என்று உத்தரவு வந்தால் அதைக் கேட்கக் கூடாது. ஊரைக் குண்டுவீசி அழிப்போம் என்ற மிரட்டலுக்கும் பணியக் கூடாது. ராணுவ அலுவலகங்களில் அதைச் சுவரில் மாட்டி வைத்தார்கள். 'சுவரில் உள்ள சுவரொட்டி' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

வந்த செய்தியை எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, நேரம் குறித்து, கையெழுத்து வாங்கி மேலே அனுப்புவதுதான் என் பணிக்கால வேலை. உத்தரவை மீறாதே என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எந்த உத்தரவை மீற வேண்டும் என்பதை அமைதிக் காலத்திலேயே உட்கார்ந்து யோசித்து, அரசர் பெயரிலேயே எழுதி வைத்த அந்த நாட்டை நான் மனதார மதிக்கிறேன்.