நிலாவெளி வேலை போனதும் தாபரிப்புப் பணத்தை நிறுத்தலாமா?

நிலாவெளியில் வேலை செய்த ஹோட்டலை மூடியதால் வேலை போய்விட்டது, முன்னாள் மனைவிக்கும் வேலை கிடைத்துவிட்டது, அதனால் அவருக்கும் பிள்ளைக்கும் நீதிமன்றம் மாதாமாதம் கட்டச் சொன்ன தாபரிப்புப் பணத்தை இந்த மாதத்திலிருந்து நிறுத்தப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கட்டளையை நீதிமன்றம் மாற்றும்வரை நிலுவை உங்கள் தலையில் ஏறிக்கொண்டே இருக்கும், ஹோட்டல் மூடிய கதையை நீங்கள் ஊரெல்லாம் சொன்னாலும் கணக்கு குறையாது.

விவாகரத்துத் தீர்ப்போடு மாதப் பணம் விதித்தது மாவட்ட நீதிமன்றம் என்றால் அங்கேயே மனுப் போடுங்கள். இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவின்படி, கட்ட இயலாத நிலை வந்தால் தொகையைக் குறைக்கவோ கொஞ்சக் காலம் நிறுத்திவைக்கவோ நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் நிலைமை சரியானால் திரும்பவும் கட்டச் சொல்லலாம். வேலைநீக்கக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் எடுத்துப்போங்கள்.

பிள்ளையின் பணம் வேறு விஷயம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் அதை நீதவான் விதித்திருந்தால் அந்த நீதிமன்றத்தில்தான் மாற்றக் கேட்க வேண்டும், அங்கே நிலுவை வைத்தால் சிறைகூட வரலாம். அதுவரை முடிந்ததை வங்கி வழியாகவே போடுங்கள், கையில் கொடுக்காதீர்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் திருகோணமலையில் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போய்க் கேளுங்கள்.