என் தலை, என் ஆள், என் மகள்

கேள்வி: 1806-ல் தலைப்பாகைக்காக வேலூர்க் கோட்டைக்குள் ரத்தம் சிந்திய ஜில்லா நம்முடையது. இன்று என் வண்டியில் நான் போகிறேன், என் தலையில் ஹெல்மெட் இல்லை என்று சத்துவாச்சாரியில் மடக்கி அபராதம் போடுகிறார்கள். எதற்கெடுத்தாலும் ஆதார் கேட்கிறார்கள். சரி, வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. பி.எஸ்சி. முடித்த என் மகள், ஓசூர் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, ஹாஸ்டலில் தங்கப் போகிறேன் என்கிறாள். வேண்டாம் என்றால், 'எனக்கு 22 வயசாகுது' என்று சட்டம் பேசுகிறாள். சொந்தக் குடும்பத்தைக்கூட நம் இஷ்டப்படி நடத்த முடியாத இந்த நாட்டில் தனிமனித சுதந்திரம் உண்மையில் இருக்கிறதா?
- வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஹெல்மெட், ஆதார், மகள் என்று மூன்றையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டில் உங்களை ஒருவர் கட்டுப்படுத்துகிறார். மூன்றாவதில் நீங்கள் ஒருவரைக் கட்டுப்படுத்துகிறீர்கள். இரண்டும் எப்படி ஒரே குறையாக உங்களுக்குத் தெரிந்தது? இந்தப் பதில் முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் கோட்டையைப் பார்ப்போம், நீங்கள்தான் அங்கே கூட்டிப் போனீர்கள். 1805 நவம்பரில் மதராஸ் படைக்கு ஓர் உத்தரவு வந்தது. நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது, தோல் வைத்த புது மாதிரித் தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும். மாட்டோம் என்றவர்களுக்குக் கசையடி விழுந்தது. 1806 ஜூலை 10 விடிவதற்குள் கோட்டையில் சிப்பாய்களின் கலகம் பற்றிக்கொண்டது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோடு வந்து அடக்கினார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். பிறகு உத்தரவும் வாபஸ் ஆனது, கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிராடக்கையும் பதவியிலிருந்து திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அந்தச் சிப்பாய்கள் தலைப்பாகைக்காக மட்டும் சாகவில்லை. 'இது ஏன்?' என்று கேட்க அவர்களுக்கு ஓர் இடம் இல்லை, கேட்டவன் முதுகில்தான் பதில் கிடைத்தது. உங்களுக்கு அபராதம் போட்ட சட்டத்தை எதிர்த்து நீங்கள் கோர்ட்டுக்குப் போகலாம், ஓட்டை மாற்றிப் போடலாம், இதோ இந்தப் பக்கத்தில் எழுதலாம், நான் அச்சிடுகிறேன். பைபாஸில் விழுந்து மண்டை உடைந்து வரும் பிள்ளைகளை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தவன் நான். ஹெல்மெட் பேச்சை இதோடு விடுகிறேன்.

ஆதார் விஷயத்தில் உங்கள் எரிச்சல் நியாயமானது. யார் எதைக் கேட்டாலும் நீட்டிவிடும் பழக்கம் நல்லதல்ல. ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி ஆதாரை எதிர்த்துப் போட்ட வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் என்பது, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காவலான அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். ஒரு முதியவர் கேள்வி கேட்டதால் நம் அத்தனை பேருக்கும் கிடைத்தது அது.

அரசு நம்மை நசுக்கவே நசுக்காது என்று நான் சொல்ல வரவில்லை. கேரளத்துக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1941-ல் நம் வேலூர் ஜெயிலிலிருந்து தப்பிப் போனவர். அது வெள்ளைக்காரன் காலம். அதே கோபாலனை சுதந்திர இந்தியாவும் விசாரணை இல்லாமல் உள்ளே வைத்தது. உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1950 மே மாதம் வந்த தீர்ப்பின் சாரம் இதுதான்: முறைப்படி இயற்றிய சட்டம் ஒன்று இருந்தால் போதும், அந்தச் சட்டம் நியாயமானதா என்று 21-வது பிரிவை வைத்துக் கேட்க முடியாது. 28 வருடம் கழித்து, 1978-ல் மேனகா காந்தி வழக்கில்தான், சட்டம் சொல்லும் முறை நேர்மையாகவும் நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் மாற்றிச் சொன்னது. இடையில் அவசரநிலை வந்தது. 1976 ஏப்ரலில், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் ஆபத்து என்றாலும் நீதிமன்றத்துக்கு வர முடியாது என்று ஐந்தில் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். இன்றும் தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்தில் ஒருவரை விசாரணை இல்லாமல் ஒரு வருடம் வரை அடைத்து வைக்க முடியும். இதற்கெல்லாம் நீங்கள் கோபப்பட்டிருந்தால் உங்களோடு சேர்ந்து நானும் குரல் கொடுத்திருப்பேன்.

உங்கள் கடிதத்தில் திரும்பத் திரும்ப வரும் சொல் 'என்'. என் வண்டி, என் தலை, என் மகள், சொந்தக் குடும்பம். நம் பாலாற்றங்கரையில் இந்தச் சொல் என்ன செய்தது என்று உங்கள் வாலாஜாவுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் நிலம், என் தொழில், என் தோல் ஷாப் என்றுதான் தோல் பதனிடும் முதலாளிகளும் சொன்னார்கள். கழிவுநீர் மட்டும் 'என்' என்ற எல்லைக்குள் நிற்காமல் பக்கத்து நிலத்துக்கும் அடுத்தவன் கிணற்றுக்கும் போனது. தென்னை காய்ந்தவனிடமும், உப்புத் தண்ணீர் குடித்தவனிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று வழக்குப் போட்டு, 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. இன்று இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் வேலூர் என்ற பெயரோடு அந்த வழக்கைப் படிக்கிறார்கள். தொழில் செய்யும் சுதந்திரமும் பிழைத்துக் கிடக்கும் உரிமையும் நேருக்கு நேர் மோதிய இடம் நம் ஆறு.

சரி, சுதந்திரம் என்றால் என்னதான்? தத்துவப் புத்தகங்களைவிட இதைத் தெளிவாகச் சொன்னது ஒரு சட்டம். 1976-ன் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம். ஜனங்களின் சுதந்திரத்தைப் பூட்டி வைத்திருந்த அதே அவசரநிலைக் காலத்தில்தான் அது வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பாக இருக்கிறது. முன்பணம் வாங்கிய ஒருவன் எதை இழந்தால் கொத்தடிமை என்று அந்தச் சட்டம் விளக்குகிறது. விரும்பிய வேலைக்குப் போகும் சுதந்திரம். விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமை. தன் உழைப்பில் விளைந்ததைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை. கூலியே இல்லாமலோ பேருக்கு ஒரு கூலிக்கோ வேலை செய்ய வைப்பதும் அதில் வருகிறது. கால் விலங்கு, பூட்டிய கதவு எதுவும் தேவையில்லை. எங்கே வேலை, எங்கே போவது, காசு யார் கையில் என்ற மூன்றையும் வேறொருவன் முடிவு செய்தால் போதும்.

நம் பகுதி அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் இப்படித்தான் கிடந்தன. சில ஆயிரம் ரூபாய் முன்பணம், அதற்கு வருடக்கணக்கில் வேலை. சாவுக்குப் போகக்கூட முதலாளியைக் கேட்க வேண்டும், புருஷன் போனால் பெண்டாட்டி பிள்ளைகள் பிணையாக இங்கேயே இருக்க வேண்டும். 2019-ல் வேலூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை அதிகாரிகள் மீட்டபோது, ஒரு பெரியவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் பத்திரிகைகளில் வந்தது. அதை நான் இன்னும் மறக்கவில்லை. தன் வீட்டுக்குப் போக விடுகிறார்கள் என்பதற்காக ஒரு மனிதன் காலில் விழுந்தான். அந்த முதலாளிகளைக் கேட்டால் என்ன சொல்வார்கள் தெரியுமா? 'அவன் என் ஆளுங்க. நான்தான் சோறு போட்டுப் பார்த்துக்கிறேன். வெளிய போனா கெட்டுப் போயிடுவான்.' கொத்தடிமையை யாரும் கொத்தடிமை என்று கூப்பிடுவதில்லை, 'என் ஆள்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். உங்கள் கடிதம் எனக்கு உறுத்தியது இந்த இடத்தில்தான். உங்களை அவர்களோடு ஒன்றாக வைக்கவில்லை. பெற்ற பிள்ளை மேல் உங்களுக்கு இருக்கும் பாசம் அவர்களுக்கு இல்லை. ஆனால் அந்த மூன்று கேள்வியையும் உங்கள் வீட்டுக்குள் ஒரு முறை கேட்டுப் பாருங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம். என் அக்கா எட்டாவதில் முதல் மார்க் வாங்குகிறவள். வயதுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும். காலை முதல் விளக்கு வைக்கும் வரை பீடி சுற்றுவாள். பீடியைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுக் கூலி வாங்கி வருவது அப்பா. கணக்கு நோட்டும் அப்பா பேரில்தான். அந்தக் கூலியில்தான் நான் வேலூருக்கு பஸ் ஏறிக் கல்லூரி படித்தேன், சுதந்திரம் பற்றிப் பேச்சுப் போட்டியில் பரிசும் வாங்கினேன். எங்கள் அப்பா நல்லவர். ஒரு நாளும் அக்காவைக் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் எந்த வேலை, எங்கே போவது, கூலி யார் கையில் என்ற மூன்றில் ஒன்றையாவது அக்கா முடிவு செய்தாளா? இல்லை. அன்று நானும் கேட்கவில்லை. அக்காவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஆனாலும் இந்த இதழ் வந்தால் பேத்தியை விட்டு முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்லிக் கேட்பாள். இந்தப் பதிலையும் கேட்பாள்.

உங்கள் மகள் சட்டம் பேசுகிறாள் என்று வருத்தப்படுகிறீர்கள். அவர் பேசுவது சரியான சட்டம். 18 முடிந்தவர் தன் முடிவைத் தானே எடுக்கலாம். கேரளத்து ஹாதியா வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. வயது வந்த பெண் யாரோடு, எங்கே வாழ்வது என்பதைத் தகப்பனோ நீதிமன்றமோ அவருக்காக முடிவு செய்ய முடியாது. நீங்கள் இழந்ததாகச் சொல்லும் சுதந்திரம் முதலிலிருந்தே உங்களுடையது அல்ல, அவருடையது.

அதற்காக உங்கள் பயத்தைத் தள்ளிவிட மாட்டேன். பயப்படக் காரணம் இருக்கிறது. மேற்கு மாவட்டத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று சொல்லி, மூன்று வருடம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று பெண்களைக் கூட்டிப் போனார்கள். ஹாஸ்டலை விட்டு வெளியே போகக் கட்டுப்பாடு, நடுவில் நின்றால் அந்தப் பணம் கிடையாது. அங்கேயும் அதே மூன்றுதான் பறிபோனது. அதனால் ஒன்று செய்யுங்கள். மகளோடு ஒரு நாள் ஓசூருக்குப் போங்கள். சம்பளம் மாதாமாதம் அவர் பேரில் உள்ள பேங்க் கணக்கில் விழுமா? வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாமா, சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா? ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் கேட் திறந்திருக்குமா, செல்போன் அவர் கையில் இருக்குமா? கம்பெனிக்காரர்களிடம் இதையெல்லாம் நீங்கள் கேளுங்கள், தகப்பன் கேட்டால் அவர்களும் யோசித்துப் பதில் சொல்வார்கள். கேட்டதை மகளிடம் சொல்லுங்கள். போவதா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும்.

இன்னொரு வேண்டுகோள். இதே கேள்விக்கு உங்கள் மகளையும் எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒதுக்கிய அதே இடத்தை, அதே எழுத்தளவில், அவருக்கும் ஒதுக்கி வைக்கிறேன். கவரை அவரே ஒட்டட்டும். நீங்கள் பிரித்துப் பார்க்காமல் தபால் பெட்டியில் போட்டால் போதும்.